வாலையில் வடிந்த செம்பனை

அம்பாங் சாலையோரத்து எண்ணெய் நிலையத்தில் டீசலுக்காகக் காத்து நிற்கும் லாரிக்காரர்களில், பம்பின் மேல் ஒட்டியிருக்கும் ‘பி10’ என்னும் குறியை ஊன்றிப் படிக்கிறவர் அரிது. படித்தாலும், தாம் வாங்கும் ஒவ்வொரு நூறு லிட்டரிலும் பத்து லிட்டர், எங்கோ ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒரு மனிதன் அண்ணாந்து நின்று, நீண்ட கழியின் நுனியில் பூட்டிய அரிவாளால் அறுத்து வீழ்த்திய குலையின் சாரம் என்று நினைத்துப் பார்க்கிறவர் அதனினும் அரிது. பழமாக இருந்த வஸ்து எரிபொருளாக மாறி இயந்திரத்துக்குள் புகுவதற்கு முன் அது கடந்து வந்த பாதை நீண்டது. அந்தப் பாதையில், பெயர் தெரியாமலே பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு பழந்தொழிலின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தொழிலுக்குத் தமிழில் ‘வாலை வடித்தல்’ என்று பெயர்.

அம்பாங்கின் சரித்திரமே வேண்டாததைக் கழித்து வேண்டியதை எடுக்கும் சரித்திரந்தான். 1857-ஆம் ஆண்டில், கிள்ளானின் அதிபதியாக இருந்த ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், கிள்ளான் நதியில் ஓடமேறி, கோம்பாக் நதி வந்து கலக்கும் சேற்றுத்துறையில் இறங்கி, காட்டை ஊடறுத்து நடந்து, வெள்ளீயம் தேடி வந்து சேர்ந்த இடம் இது. ஒரு மாதம் கழிவதற்குள் மலைக்காய்ச்சலுக்குத் தப்பி எஞ்சியவர் 18 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. மலாய் மொழியில் அணையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். நீரை மறித்து, மண்ணை அலசி, மரத்தட்டில் சுழற்றி, இலேசானது ஓடிப்போகக் கனமானது தங்குமாறு செய்வதுதான் அன்றைய ஈயக்குட்டைகளின் வித்தை. பின்னர் ரப்பரின் காலம் வந்தது. 1925-இல் தோற்றுவிக்கப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதே அம்பாங் சாலையில்தான் நெடுங்காலம் குடியிருந்தது. பால்மரத்தின் பாலைத் திரிய வைத்து, நீரைப் பிழிந்து நீக்கி, புகையில் உலர்த்தித் தகடாக்கும் முறைகள் அங்கே சாஸ்திரமாயின. ஈயம் ஓய்ந்து, ரப்பர் தளர்ந்து, செம்பனை தலையெடுத்தபோது, கழித்தெடுக்கும் கலையும் நீரையும் புகையையும் விட்டு, ஆவியைத் தனக்குத் துணையாகக் கொண்டது.

ஆவியைத் துணைகொள்ளும் அந்தக் கலை தமிழனுக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் வாலை என்பது ஒரு பாத்திரம். கீழே கொதிக்கும் மருந்துநீரின் ஆவி மேலேறி, குளிர்ந்த மூடியைத் தொட்டு மீண்டும் நீராகி, மூக்குக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக வெளிவரும். அவ்வாறு வடிந்ததைத் தீநீர் என்றார்கள். குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிமார் இன்றைக்கும் எடுத்துப் புகட்டும் ஓமத்தண்ணீர் அந்தக் குலத்தைச் சேர்ந்தது. பாத்திரத்தின் அடியில் ஓமச் சக்கை தங்கிவிட, மேலே வந்த நீரில் வாசனை தெளிந்து நிற்கும். எளிதில் ஆவியாவது மேலே போகும், ஆகாதது அடியில் கிடக்கும் என்ற இந்த ஒரே நியதியின் மேல்தான் இன்றைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கோபுரங்கள் அனைத்தும் எழும்பியிருக்கின்றன.

ஆனால் மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்களுக்கு வடித்தல் என்றவுடன் நினைவுக்கு வந்தது ஓமத்தண்ணீர் அன்று, சம்சு. லயங்களுக்குப் பின்னாலுள்ள புதர்களில் தகரப் பீப்பாயும் குழாயும் வைத்துத் திருட்டுத்தனமாகக் காய்ச்சப்பட்ட அந்தச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் எவரும் சொல்வார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடும் பிள்ளைகளின் படிப்போடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள் என்பது, குடி அவர்களை எவ்வளவு வருத்தியது என்பதற்குப் பிரமாணம். சாராயத்தில் கலந்துவிட்டால் கண்ணைக் குருடாக்கி உயிரைக் குடிக்கும் மெத்தனால் என்னும் விஷச்சாராயத்தால் 2018 செப்டம்பரிலும் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் மாண்டார்கள். அந்த மெத்தனாலே நம் கதையில் வேறு வேஷத்தில் மறுபடியும் வரப்போகிறது.

செம்பனை இந்த மண்ணுக்கு உரிய மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் காடுகளிலிருந்து 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்த நான்கு கன்றுகளின் வம்சமே கீழ்த்திசை முழுவதும் பரவியது. மலாயாவில் அது முதலில் மாளிகை வாயில்களுக்கும் பாதையோரங்களுக்கும் அழகு செய்யும் மரமாகவே மதிக்கப்பட்டது. ஹென்ரி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் கோலசிலாங்கூருக்கு அருகே தென்னமாரம் தோட்டத்தில் அதை வியாபாரப் பயிராக நட்டபோதுதான் இந்நாட்டின் செம்பனைத் தொழில் பிறந்தது. பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே தமிழ்க் காதுக்குத் தென்னைமரம் நினைவு வரும் ஒரு தோட்டத்தில் அது பிறந்தது நமக்கு விசேஷம். துரையாக இருந்து எழுத்தாளராகவும் ஆன அவர், தம் மலாயா வாழ்வை நாவலாக்கி 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசைப் பெற்றார். அந்தத் துரைமார் நட்ட மரங்களின் குலையை வெட்டியவர்களும், உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்கியவர்களும், பெரும்பாலும் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த தமிழர்கள். அவர்களுக்குப் பரிசளிக்க எந்தச் சபையும் கூடவில்லை.

தாவர எண்ணெயால் இயந்திரம் ஓடும் என்பதும் பழைய செய்தியே. 1900-ஆம் ஆண்டின் பாரீஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டிற்று. ஓடியது உண்மை, நெடுநாள் ஓடுமா என்பதே கேள்வி. செம்பனை எண்ணெய் டீசலைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு பிசுபிசுப்புடையது. அது நேர்த்தியான தூவலாகத் தெறிக்காமல் கனத்த துளிகளாக விழும். அரைகுறையாக எரிந்து, தூவும் மூக்கின் முனையில் கரியாகப் படியும். இதற்கு முதல் தெளிவான விடையைக் கண்டவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான். எண்ணெயைச் சாராயத்தோடு சேர்த்து வினைபுரியச் செய்து, அதிலுள்ள கிளிசரினைப் பிரித்து நீக்கிவிட்டால் எஞ்சும் எஸ்டர் மெல்லிதாக ஓடும் என்று 1937-இல் பெல்ஜியத்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பயணிகள் பேருந்து, காங்கோவின் செம்பனையிலிருந்து செய்த எஸ்டரில் ஓடிற்று. ஆனால் உலக யுத்தம் வந்தது. பின்பு பெட்ரோலியம் மலிந்தது. ஷவானின் பத்திரம் தூசி படிந்தது. அதே யுத்தத்தின்போது, ஜப்பானியர் ஆண்ட மலாயாவில் பெட்ரோல் கிடைக்காமல், ரப்பரையே காய்ச்சி வடித்து வண்டிக்கு எண்ணெய் எடுத்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும். இல்லாமை வரும்போதெல்லாம் மனிதன் வாலையைத் தேடிப் போகிறான்.

எண்ணெய் விலை 1970-களில் இருமுறை உலகை உலுக்கிய பிறகு, மலேசியா தன் தோட்டங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. 1979-இல் நிறுவப்பட்டு, பாங்கியில் நிலைகொண்ட செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் — பிற்காலத்தில், 2000-ஆம் ஆண்டில், மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் பகுதியாகிவிட்ட அதே கழகம் — 1982-இல் செம்பனை டீசல் ஆராய்ச்சியை ஆரம்பித்தது. பெட்ரோனாஸின் ஒத்துழைப்போடு ஆண்டுக்கு 3,000 டன் செய்யவல்ல ஒரு சோதனை ஆலை 1985-இல் எழுந்தது. அதில் உருவான எரிபொருளை ஆய்வுக்கூடத்துப் புட்டிகளில் அடைத்து வைத்துப் பெருமைப்படவில்லை. டாக்சிகளிலும் லாரிகளிலும் ஊற்றி ஓட்டினார்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் இயந்திரம் பூட்டிய 36 பேருந்துகளைத் தனி டீசலிலும், பாதிக்குப் பாதி கலந்ததிலும், முழுச் செம்பனை டீசலிலும் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் 3 லட்சம் கிலோமீட்டர் கடந்த பின் பிரித்துப் பார்த்தார்கள். இயந்திரங்கள் தாங்கின.

செய்முறையை ஒரு சமையற்காரரும் விளங்கிக்கொள்ளலாம். நூறு பங்கு எண்ணெய்க்குச் சுமார் பத்துப் பதினொரு பங்கு மெத்தனாலைச் சேர்த்து, காரச்சோடா போன்ற ஒன்றைச் சிறிதளவு கூட்டி, மிதமான சூட்டில் கலக்க வேண்டும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் கிளிசரின் என்ற ஒரு தண்டில் மூன்று கொழுப்பமிலங்கள் தொங்கும் குலை போன்றது. மெத்தனால் அந்த மூன்றையும் தண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய்விடும். கனத்த கிளிசரின் அடியில் இறங்கும். மேலே நிற்பது மெதில் எஸ்டர். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி உலர்த்தினால் எரிபொருள். மனிதனைக் கொல்லும் மெத்தனால் இங்கே வேலையாள். வேலை முடிந்தபின் எஞ்சியதை 65 பாகைச் சூட்டில் ஆவியாக்கித் திரும்பப் பிடித்து அடுத்த பாகத்துக்கு வைத்துக்கொள்வதே முதல் வடிப்பு.

பிரச்சினை அதற்குப் பின்னால்தான் வருகிறது. கழுவி உலர்த்திய எரிபொருளை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சாளரத்தோரம் வைத்தால் முதல் நாள் பொன்னிறமாகப் பளபளக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால், அறை குளிரவே இல்லை என்றாலும், அடியில் வெண்ணிறமாக, பட்டுநூல் உதிர்ந்ததுபோல் ஒரு மூட்டம் இறங்கியிருக்கும். இது எங்கிருந்து வந்தது? செம்பனைப் பழத்திலேயே ஸ்டீரைல் குளுக்கோசைடு என்ற ஒரு பொருள் உண்டு. பச்சை எண்ணெயில் அது கொழுப்பமிலத்தைப் போர்த்துக்கொண்டு கரைந்து கிடக்கும். மெத்தனாலும் காரமும் அந்தப் போர்வையை உரித்துவிட்டவுடன் கரையும் சக்தியை இழந்து, துகளாகி, மெல்ல இறங்கத் தொடங்கும். ஏறக்குறைய 240 பாகைக்கு மேல்தான் அது உருகும் என்பதால் எரிபொருளைச் சுட வைத்துக் கரைத்துவிடலாம் என்ற யோசனையும் பலிக்காது. பத்து லட்சம் பங்கில் சில பத்துப் பங்கு இருந்தாலே போதும், டீசல் வடிகட்டியின் கண்களை அது அடைத்துவிடும். இதனோடு, மூன்றும் கழலாமல் ஒன்று மாத்திரம் தண்டில் ஒட்டி நிற்கும் மோனோகிளிசரைடுகள், கழுவியும் போகாத சவர்க்காரத் துணுக்குகள், உலோக உப்புகள், நிறப்பொருள்கள் ஆகியவையும் கூட்டுச் சேரும். ஐரோப்பியர் 2003-இல் வகுத்த ஈஎன் 14214 என்ற தரவிதி, எஸ்டர் குறைந்தது 96.5 விழுக்காடு இருக்க வேண்டும், தனிக் கிளிசரின் 0.02 விழுக்காட்டைத் தாண்டலாகாது, கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்றெல்லாம் கறாராகப் பேசியபோது, கழுவுவதும் வடிகட்டுவதும் மாத்திரம் போதாது என்று பல ஆலைகள் கண்டுகொண்டன. அங்கேதான் வாலை மறுபடியும் பிரவேசிக்கிறது.

மெதில் எஸ்டரைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்க வைக்க 300 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். அந்தச் சூட்டில் அது ஆவியாகும் முன்னரே கருகிப் பாகாகிவிடும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். கேமரன் மலையில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே காற்று இலேசாக இருப்பதால் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத்தான் நேரம் பிடிக்கிறது. மலையேறுவதற்குப் பதிலாக, பாத்திரத்திலுள்ள காற்றை இயந்திரத்தால் இழுத்து, அழுத்தத்தைச் சில நூறில் ஒரு பங்காக்கிவிட்டால், எஸ்டரும் 200 பாகையை ஒட்டிய சூட்டிலேயே ஆவியாகத் தொடங்குகிறது. அந்தச் சூட்டிலும் அதை நெடுநேரம் நிற்க விடுவதில்லை. உயர்ந்த உருளையின் உட்சுவரில் அதை மெல்லிய படலமாக வழியவிட்டு, சில கலங்களில் சுழலும் துடைப்பான்களால் தேய்த்துப் பரப்பி, சில கணங்களில் ஆவியாக்கிக் குளிர்ந்த பரப்பில் பிடித்துக்கொள்கிறார்கள். மேலே வடிவது ஏறக்குறைய நிறமற்று, பச்சைத்தண்ணீர்போல் தெளிந்திருக்கும். ஸ்டீரைல் குளுக்கோசைடும், உலோக உப்பும், பாகாகிப்போன கொழுப்பும், மோனோகிளிசரைடில் பெரும்பங்கும், ஆவியாகும் சக்தி இல்லாமல் கருத்த வண்டலாக அடியில் தங்கிவிடும்.

இதன் பயன் தூய எண்ணெய்க்கு அவ்வளவாகத் தெரியாது. அழுக்கு எண்ணெய்க்கே தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் வடையும் அப்பளமும் பலமுறை பொரித்துக் கறுத்த எண்ணெய் தனி அமிலமும் கருகலும் மிகுந்தது. செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களில் மிதக்கும் எண்ணெயோ அதனினும் அழுக்கு. இவற்றிலிருந்து செய்த எஸ்டர் கழுவக் கழுவ நிறம் போகாது, தரவிதிக்குள்ளும் எளிதில் அடங்காது. வாலை ஒன்றே அவற்றைக் கைதூக்கி விடுகிறது.

எனினும் வாலைக்கும் எல்லை உண்டு. செம்பனை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். அதன் எஸ்டரும் எளிதில் ஆவியாகி மற்றதோடு சேர்ந்தே மேலே வருவதால், வடித்த செம்பனை டீசலும் 15 பாகையை ஒட்டிய குளிரில் உறையவே பார்க்கும். மலைநாட்டு வண்டிகளைப் பற்றித் தனியே யோசிக்க வேண்டியிருப்பது இதனாலேயே. மேலும், எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடாமல் காத்துவந்த இயற்கைக் காவலாளியான வைட்டமின் ஈ, வடிப்பின்போது வண்டலோடு தங்கிவிடுகிறது. தெளிந்துபோன எரிபொருள் அதனாலேயே விரைவில் கெடும் இயல்பைப் பெற்று, வேறொரு காப்புப்பொருளைக் கடைக்காரனிடம் வாங்கிச் சேர்க்க வேண்டிய நிலைக்கு வருகிறது. செலவாகும் உஷ்ணமும், வண்டலாகப் போகும் பங்கும் கணக்கில் ஏறும்போது, எல்லா ஆலைகளும் வடிப்பதில்லை என்பதற்குக் காரணம் புரியும்.

சுத்திகரிக்கும் சிரமத்தை முற்றிலும் தவிர்க்கலாமா என்று நாடு ஒருமுறை முயன்றும் பார்த்தது. 2006 மார்ச்சில் தேசிய உயிர்எரிபொருள் கொள்கையோடு அறிமுகமான ‘என்வோ டீசல்’ என்பது, எஸ்டராக மாற்றாமல், பதப்படுத்திய செம்பனை எண்ணெயையே நூற்றுக்கு ஐந்து பங்கு டீசலில் கலந்த கலவை. இயந்திரம் செய்கிறவர்கள் அதை ஏற்கவில்லை. கரி படியும், வடிகட்டி அடையும் என்று உத்தரவாதம் தர மறுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது கைவிடப்பட்டு, மெதில் எஸ்டரே நிலைபெற்றது. 2007-இல் சட்டம் வந்தது; எஸ்டரை ஐந்து விழுக்காடு கலந்த டீசல் 2011 ஜூனில் புத்ராஜெயாவில் தொடங்கி, அதே ஆண்டில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் வந்தது; 2014-இல் அது ஏழாகி, 2019-இல் பத்தாயிற்று; 2020-இல் லங்காவியில் இருபதும் ஆயிற்று. கிள்ளானுக்குத் தெற்கே தெலுக் பங்லிமா காராங்கிலும் கேரித் தீவிலும், ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் லயம் லயமாக வாழ்ந்த தோட்டங்களின் ஓரத்தில், எஸ்டர் ஆலைகளின் கோபுரங்கள் எழுந்தன.

அந்தக் கோபுரங்களுக்கடியில் தங்கும் வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்தால் இந்தச் சரித்திரம் பாதியாகவே நிற்கும். பச்சைச் செம்பனை எண்ணெய் செக்கச் சிவந்திருப்பதற்குக் காரணம், பத்து லட்சத்தில் 500 முதல் 700 பங்குவரை அதில் இருக்கும் கரோட்டின். வைட்டமின் ஈயும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. எரிபொருளை வடித்து எடுத்த பின் இவை அடியில் செறிந்து நிற்கின்றன. மிகக் குறைந்த அழுத்தத்தில், ஆவி ஓடும் தூரத்தையும் குறுக்கி, சூட்டுக்கு அஞ்சும் கரோட்டின் சிதையாமல் பிரிக்கும் முறையைச் சூ யுவன் மே முதலிய பாங்கி ஆராய்ச்சியாளர் வகுத்துக் காட்டினர். லாரிக்குள் எரிந்து புகையாகப் போகும் பாகத்தைவிட, நாம் அழுக்கென்று ஒதுக்கும் பாகத்தின் ஒரு குன்றிமணி விலை மிகுந்தது என்று அதனால் தெரியவந்தது.

ஆகவே, வடித்தலை வெறும் தூய்மைப்படுத்தலாக மதிப்பது அறியாமை என்பதே என் அபிப்பிராயம். சம்சு காய்ச்சியவன் மேலே வந்ததை மாத்திரம் பார்த்தான். அடியில் இருப்பதையும் முதலில் வடியும் விஷத்தையும் பார்க்கத் தெரியாததால் ஊரைக் கெடுத்தான். வைத்தியன் வாலையின் இரு பக்கத்தையும் பார்த்தான். செம்பனை டீசலின் தரமும், அதைச் செய்யும் தொழிலின் தரமும், குழாயின் முனையில் சொட்டுவதைக் கொண்டு பாதியும், கலத்தின் அடியில் தங்குவதை என்ன செய்தோம் என்பதைக் கொண்டு பாதியும் தீர்மானமாகும்.